பயன்பாட்டுவாதம்: நம் சட்டப் புத்தகத்துக்குள் இருக்கும் 19-ஆம் நூற்றாண்டுத் தத்துவம்

ஒரு நீராவிக் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. கேப்டன் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் கப்பலை நிறுத்துவதற்குள் எதிரே வரும் படகில் மோதிவிடும் நிலை. அந்தப் படகில் இருபது முப்பது பேர் இருக்கிறார்கள். கப்பலைத் திருப்பினால் இன்னொரு படகில் மோத நேரலாம். அதில் இரண்டே பேர், அவர்கள் தப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. கேப்டன் கப்பலைத் திருப்புகிறார். அது குற்றமா?

1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 81-வது பிரிவில் எடுத்துக்காட்டாக அச்சிடப்பட்டிருக்கும் கேள்வி இது. ஓடும் டிராலியை எந்தத் தண்டவாளத்துக்குத் திருப்புவது என்ற புதிரை இங்கிலாந்துத் தத்துவவாதி பிலிப்பா ஃபுட் எழுதியது 1967-இல். அதற்கு நூறு ஆண்டுக்கும் முன்பே ஏறத்தாழ அதே புதிர் நம் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. 2024 ஜூலை 1-இல் இந்திய தண்டனைச் சட்டம் விலகி பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, இந்தப் பிரிவு 19 என்ற புதிய எண்ணோடு தொடர்ந்தது.

அந்த மாற்றத்தின்போது நடந்த வாதங்கள் பலரைக் குழப்பின. “காலனியச் சட்டம் ஒழிந்தது” என்றது ஒரு தரப்பு. “511 பிரிவுகள் 358 ஆனதும், 420 என்பது 318 ஆனதும் தவிர வேறென்ன மாறியது?” என்று கேட்டது இன்னொரு தரப்பு. காலனியச் சட்டம் என்றால் அதற்குள் இருந்த சிந்தனை என்ன என்பது தெரியாமல் இரண்டு வாதத்தையும் எடைபோட முடியாது. ஐரோப்பிய மன்னராட்சி மனப்பான்மை என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அந்தச் சட்டத்தின் பின்னால் 19-ஆம் நூற்றாண்டின் மிகச் செல்வாக்கான தத்துவ இயக்கங்களில் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பயன்பாட்டுவாதம்.

அடிப்படை: பெந்தம் என்ன சொன்னார்?

ஜெரமி பெந்தம் 1748-இல் லண்டனில் பிறந்தவர். சட்டம் படித்தார், வழக்கறிஞர் தொழில் செய்யவில்லை. இங்கிலாந்துச் சட்டம் அவருக்கு ஒரு பெரும் குப்பைமேடாகத் தெரிந்தது: நூற்றாண்டுக் கணக்கான தீர்ப்புகள், யாருக்கும் புரியாத மொழி, சில்லறைத் திருட்டுக்கும் தூக்கு. இதையெல்லாம் எந்த அளவுகோலால் சரி, தவறு என்று சொல்வது? 1789-இல் வெளியான தன் முக்கிய நூலில் அவர் தந்த விடையைப் படிப்படியாக இப்படிப் பிரிக்கலாம்.

1. மனிதர்களை ஆள்பவை இன்பமும் துன்பமும். நாம் என்ன செய்வோம் என்பதையும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இவையே தீர்மானிக்கின்றன.

2. ஆகவே ஒரு செயலோ சட்டமோ நல்லதா என்பதை அதன் விளைவை வைத்தே சொல்ல வேண்டும். அதனால் பாதிக்கப்படும் எல்லோரின் இன்பத்தையும் கூட்டி, துன்பத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். மரபு, வேதம், மன்னரின் விருப்பம், இயற்கை உரிமை எதுவும் தனியாக ஒரு காரணம் ஆகாது.

3. இன்பதுன்பத்தை அளக்க ஏழு அளவைகள் உண்டு: தீவிரம், நீடிக்கும் காலம், உறுதி, அண்மை, மேலும் பெருகும் தன்மை, கலப்பின்மை, எத்தனை பேரைத் தொடுகிறது என்ற பரப்பு.

4. கணக்கில் ஒவ்வொருவரும் ஒன்று. யாரும் ஒன்றுக்கு மேல் இல்லை. பிரபுவின் வலியும் வேலைக்காரியின் வலியும் ஒரே எடை.

“அதிகம் பேருக்கு அதிக இன்பம்” என்ற வாசகம் பெந்தமின் சொந்தச் சரக்கு இல்லை. ஃபிரான்சிஸ் ஹட்சிசன் என்ற தத்துவவாதி 1725-லேயே அதைச் சொல்லிவிட்டார். பெந்தம் செய்தது அதை ஒரு இயந்திரமாக்கியது. எந்தச் சட்டத்தை உள்ளே போட்டாலும் விடை வெளியே வரும் என்று அவர் நம்பினார்.

நாலாவது படியின் வலிமையை இன்று உணர்வது கடினம். பிறப்பால் உயர்வு தாழ்வு பார்த்த ஒரு சமூகத்தில் இது வெடிகுண்டு. பெந்தம் மனிதரோடும் நிற்கவில்லை. விலங்குகளைப் பற்றி, அவற்றால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பது கேள்வியே இல்லை, அவற்றால் துன்பப்பட முடியுமா என்பதே கேள்வி என்று எழுதினார். இன்றைய விலங்குவதைத் தடுப்புச் சட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் வாதம் இன்னும் அதுதான்.

தண்டனை விஷயத்திலும் அவர் சொன்னது அன்றைக்குப் புதிது. தண்டனையே ஒரு தீமை, ஏனென்றால் அது வலி. அதைவிடப் பெரிய தீமையைத் தடுக்கும்போது மட்டுமே அதை ஏற்கலாம். நான்கு இடங்களில் தண்டிக்கவே கூடாது: செயலால் யாருக்கும் தீங்கு இல்லாத இடம், தண்டனையால் பலன் கிடைக்காத இடம் (பைத்தியம் பிடித்தவர், சிறு குழந்தை), குற்றத்தைவிடத் தண்டனை அதிகத் தீமை செய்யும் இடம், அறிவுரை போன்ற மெல்லிய வழியே போதுமான இடம். தண்டனை என்பது பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் அதை நன்மை தீமைக் கணக்காக மாற்றினார்.

அந்த நூற்றாண்டில் இதன் இடம்

19-ஆம் நூற்றாண்டின் மற்ற இயக்கங்களோடு பக்கத்தில் வைத்தால் இதன் முகம் தெளிவாகும். ஜெர்மனியில் ஹெகலின் கருத்துமுதல்வாதம் வரலாற்றையே ஒரு ஆன்மாவின் வளர்ச்சியாகப் பார்த்தது. அங்கே தனிமனிதனின் சுகதுக்கம் ஒரு சிறு அலைதான். பிரான்சில் ஒகுஸ்த் கோம்த் 1830 முதல் எழுதிய நேர்க்காட்சிவாதம், அறிவியல் முறையால் சமூகத்தை அறியலாம் என்றது. பயன்பாட்டுவாதத்துக்கு இது நெருங்கிய உறவு, பெந்தமுக்குப் பிறகு பயன்பாட்டுவாதத்தைத் திருத்தி எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில்லும் கோம்த்தும் சில ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். மார்க்ஸ் தன் ‘மூலதன’த்தில் பெந்தமைக் கடுமையாகச் சாடினார். இங்கிலாந்துக் கடைக்காரனை எல்லாக் காலத்துக்கும் உரிய மனிதனாக பெந்தம் எடுத்துக்கொண்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. மனிதன் இன்பத்தைத் தேடுவதில்லை, ஆங்கிலேயன்தான் தேடுகிறான் என்றார் நீட்சே.

இவற்றில் எதற்கும் கிடைக்காத ஒன்று பயன்பாட்டுவாதத்துக்குக் கிடைத்தது: வாழும்போதே ஒரு நாட்டை ஆளும் அலுவலகத்துக்குள் நுழையும் வாய்ப்பு. அந்த நாடு இந்தியா.

லண்டனின் லெடன்ஹால் தெரு

பெந்தமின் முதன்மைச் சீடர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் மில். எழுத்தையே நம்பிக் குடும்பம் நடத்திய அவர் 1806-இல் ஒரு இந்திய வரலாற்றை எழுதத் தொடங்கினார். சில ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று நினைத்தது 1817 வரை இழுத்தது. இந்தியாவை அவர் பார்த்ததில்லை. இந்திய மொழி ஒன்றும் தெரியாது. முன்னுரையிலேயே அதைக் குறையாகச் சொல்லாமல், பார்க்காதவனால்தான் விலகி நின்று எடைபோட முடியும் என்று வாதாடினார். இந்திய வரலாற்றை இந்துக் காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என்று மூன்றாக வெட்டியவர் அவர்தான். பாடப்புத்தகங்களில் வெகுகாலம் நாம் படித்தது அந்த வெட்டு.

அந்த நூலின் தீர்ப்பு கடுமையானது. ஒரு சமூகத்தின் சட்டமும் கலையும் பழக்கமும் எந்த அளவுக்குப் பயனுக்குக் கட்டுப்பட்டிருக்கின்றனவோ அந்த அளவுக்கு அது நாகரிகமடைந்தது என்று அவர் ஒரு ஏணியை நிறுத்தினார். இந்தியாவை அதன் கீழ்ப்படிகளில் வைத்தார். நூல் தந்த பெயரால் 1819-இல் லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இந்தியாவுக்குப் போகும் உத்தரவுக் கடிதங்களின் வரைவு அவர் மேஜையில் உருவானது. 1830-இல் அந்தப் பிரிவின் தலைமைப் பதவிக்கு வந்தார். மில் உயிரோடிருக்கும் நிர்வாகமாகவும் தான் இறந்துபோன சட்டமன்றமாகவும் பிரிட்டிஷ் இந்தியாவை ஆளப்போவதாக பெந்தம் தன் கடைசிக் காலத்தில் சொன்னது பெரிய மிகையில்லை.

இந்த இடத்தில்தான் கோட்பாட்டுக்குள் ஒரு ஓட்டை தெரிகிறது. ஒவ்வொருவரையும் ஒன்றாக எண்ண வேண்டும் என்று அது சொன்னது. யார் எண்ணுவது என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஜேம்ஸ் மில் அந்தக் கேள்வியைக் கேட்டார்: ஆள்பவர்கள் தங்கள் நலனையே பார்ப்பார்கள், அதனால் வாக்குரிமை விரிய வேண்டும் என்று எழுதினார். இந்தியா என்று வந்ததும் அதே மனிதர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். இந்தியருக்குத் தேவை நல்ல சட்டமும் குறைந்த வரியும்தான், ஆட்சியில் பங்கு தேவையில்லை என்பது அவர் நிலை.

ஊட்டிக்கு வந்த சட்ட உறுப்பினர்

1833-இன் பட்டயச் சட்டம் கவர்னர் ஜெனரலின் குழுவில் ஒரு சட்ட உறுப்பினரைச் சேர்த்தது. அந்தப் பதவிக்கு வந்தவர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. 1829-இல் ஜேம்ஸ் மில்லின் அரசியல் கோட்பாட்டைப் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டவர் அவர். ஆனால் சட்டத்தைத் தொகுப்பது என்ற ஒரு விஷயத்தில் அவர் முழு பெந்தம்வாதி. முடிந்த இடத்தில் ஒரே சீர்மை, வேண்டிய இடத்தில் வேறுபாடு, எல்லா இடத்திலும் உறுதி என்று நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபு அப்போது ஊட்டியில் இருந்ததால் மெக்காலேயும் மலையேறி அங்கே சில வாரங்கள் தங்கிவிட்டே கல்கத்தா போனார்.

அவர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் தண்டனைச் சட்ட வரைவைத் தந்தது. பிறகு பல ஆண்டுகள் தூங்கி, பார்ன்ஸ் பீகாக் கையில் திருத்தப்பட்டு, 1860 அக்டோபரில் நிறைவேறி, 1862 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு சென்னை நகருக்குள் ஒரு சட்டம், நகர எல்லை தாண்டினால் இன்னொரு சட்டம். உள்ளே அன்று சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றத்தின் ஆங்கிலச் சட்டம், வெளியே கம்பெனி விதிமுறைகளால் ஒட்டுப்போட்ட இஸ்லாமியக் குற்றவியல் சட்டம். அந்த நிலைக்கு ஒரே தொகுப்பு முடிவு கட்டியது.

பெந்தமின் கைரேகை இதில் எங்கே தெரிகிறது?

முதலாவது, எடுத்துக்காட்டுகள். சட்டம் பாமரருக்கும் புரிய வேண்டும், நீதிபதி இஷ்டத்துக்கு வளைக்க இடம் இருக்கக் கூடாது என்பது பெந்தமின் ஆசை. அதனால் ஒவ்வொரு வரையறைக்கும் கீழே சிறு கதைகள் வைக்கப்பட்டன. திருட்டுக்கான பிரிவைப் பாருங்கள். ஒருவன் தன் சட்டைப் பையில் நாய்க்கான தீனியை வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயைப் பின்னால் வர வைக்கிறான். நாய் நடக்கத் தொடங்கிய நொடியில் திருட்டு முடிந்துவிட்டது. இன்னொருவன் புதையல் பெட்டி சுமந்து வரும் காளையை வேறு திசையில் ஓட்டுகிறான். காளை நகர்ந்ததும் புதையலைத் திருடியவன் ஆகிறான். திருட்டு என்பது பொருள் வீடு போய்ச் சேர்வதில் இல்லை, அது இடம் பெயர்வதில் இருக்கிறது என்பதைச் சட்டம் படிக்காதவரும் புரிந்துகொள்ளலாம். இந்தக் கதைகள் புதிய சட்டத்தின் 303-வது பிரிவிலும் இருக்கின்றன.

இரண்டாவது, சாதாரண அறிவுள்ள யாரும் புகார் சொல்ல மாட்டாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமே இல்லை என்ற, பழைய சட்டத்தின் 95-வது பிரிவு. தண்டனைக்குப் பலன் இருக்க வேண்டும் என்ற கணக்கின் நேரடிக் குழந்தை அது.

மூன்றாவது அந்தக் கப்பல். இதில் ஒரு நுட்பம் உண்டு. முழுப் பயன்பாட்டுவாதம் என்றால் இருபதா இரண்டா என்று எண்ணினால் போதும், கேப்டன் மனதில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டியதில்லை. சட்டம் அங்கே நிற்கவில்லை. சிறிய படகை மோதும் நோக்கம் இருக்கக் கூடாது, நல்லெண்ணத்தோடு செய்திருக்க வேண்டும், தவிர்க்க நினைத்த ஆபத்து உண்மையிலேயே மன்னிக்கத்தக்க அளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்று மூன்று கட்டுப்பாடுகளைப் போட்டது. கணக்கைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர்களே கணக்கை மட்டும் நம்பவில்லை. நம் சட்டத்தை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை வருவது இங்கேதான்.

இந்தத் தொகுப்பு பிறகு கடல் கடந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி வழியே சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போனது, 1883-இல் இலங்கையின் தண்டனைச் சட்டமானது. தமிழர் வாழும் இத்தனை நாடுகளில் குற்றவியல் சட்டத்தின் எலும்புக்கூடு ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இதுவே.

எல்லோரும் ஒன்று என்ற வாக்குறுதியோ காகிதத்தில்தான் நின்றது. குற்றத்தின் வரையறை எல்லோருக்கும் ஒன்று, விசாரணை முறை ஒன்றல்ல. ஐரோப்பியரை இந்திய நீதிபதி விசாரிக்கலாம் என்று 1883-இல் இல்பர்ட் மசோதா வந்தபோது இங்கிருந்த வெள்ளையர் கொதித்தெழுந்து அதை நீர்த்துப்போக வைத்தார்கள்.

ஜான் ஸ்டூவர்ட் மில்: திருத்தியவரும் விலக்கியவரும்

ஜேம்ஸ் மில் தன் மூத்த மகனை பெந்தமியத்தின் செய்முறைச் சோதனையாக வளர்த்தார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். பள்ளி இல்லை, விளையாட்டுத் தோழர்கள் இல்லை. 1823-இல் பதினேழாவது வயதில் கம்பெனி அலுவலகத்தில் தந்தைக்குக் கீழே எழுத்தராகச் சேர்ந்தான் அந்தப் பையன். 1826-இல் உள்ளே உடைந்தான். நீ விரும்பும் சீர்திருத்தம் எல்லாம் இந்த நொடியே நிறைவேறினால் உனக்கு மகிழ்ச்சி வருமா என்று தன்னையே கேட்டதாகவும், இல்லை என்று விடை வந்ததாகவும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவரைத் தூக்கி நிறுத்தியதில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளுக்குப் பங்கு உண்டு.

இது ஒருவரின் மனச்சோர்வு என்று கடந்துபோக முடியாது. இன்பத்தைக் கூட்டிக் கழிக்கக் கற்றுக்கொண்ட மூளை, இன்பப்படத் தெரியாமல் நின்ற இடம் அது. அதன் பிறகு அவர் கோட்பாட்டில் செய்த திருத்தங்கள் அந்த அனுபவத்திலிருந்து வந்தவை.

1. இன்பங்களில் தரம் உண்டு, அளவு மட்டும் இல்லை. திருப்தியான முட்டாளாக இருப்பதைவிடத் திருப்தியற்ற சாக்ரடீஸாக இருப்பது மேல். (1861-இல் பத்திரிகையிலும் 1863-இல் நூலாகவும் வந்தது.) இதற்கு விமர்சகர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: தரம் என்று ஒன்று வந்துவிட்டால் இன்பம் மட்டுமே அளவுகோல் என்பது என்ன ஆனது? மில் தந்த பதில், இரண்டையும் அனுபவித்தவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார் என்பது. அது முழுத் திருப்தி தரும் பதில் இல்லை.

2. ஒருவர் சுதந்திரத்தில் சமூகம் தலையிட ஒரே காரணம் பிறருக்குத் தீங்கைத் தடுப்பது. அவருடைய சொந்த நன்மைக்காக என்று சொல்லி வற்புறுத்தக் கூடாது. சுதந்திரம் பற்றிய நூலில் 1859-இல் வந்த இந்தக் கொள்கை, பெரும்பான்மையின் இன்பத்துக்காக ஒருவரை நசுக்கும் வழியை அடைக்கும் முயற்சி.

3. பெண்களும் எண்ணப்பட வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது 1867-இல் வாக்குரிமை மசோதாவில் ‘ஆண்’ என்பதற்குப் பதிலாக ‘நபர்’ என்று மாற்ற முன்மொழிந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றாலும் பெண் வாக்குரிமை அந்த அவையில் வாக்கெடுப்புக்கு வந்ததே அப்போதுதான்.

இத்தனை தூரம் வந்தவர், சுதந்திரம் பற்றிய அதே நூலின் தொடக்கத்திலேயே ஒரு விலக்கு வைத்தார். இந்தக் கொள்கை குழந்தைகளுக்கும் ‘பின்தங்கிய’ சமூகங்களுக்கும் பொருந்தாது. முன்னேற்றமே நோக்கமாக இருந்தால் அவர்களைச் சர்வாதிகாரத்தால் ஆள்வது முறையானது. பேசித் திருந்தும் நிலை வரும்வரை ஒரு அக்பருக்கோ, ஐரோப்பியப் பேரரசர் சார்லமேனைப் போன்ற ஒருவருக்கோ கீழ்ப்படிவதே அவர்களுக்குக் கதி, அதுவும் அப்படி ஒருவர் கிடைக்கும் அதிர்ஷ்டம் இருந்தால்.

இதை எழுதியவர் முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தியாவுக்கான கடிதங்களை வரைந்து, 1858-இல் கம்பெனி ஆட்சி முடியும்போது அதைக் காப்பாற்றக் கோரும் மனுவையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். அந்த விலக்கைக் காலத்தின் பார்வை என்று மன்னித்து ஒதுக்கிவிடுகிறார்கள் சிலர். என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. ஒரு மனிதருக்கு எது நல்லது என்பதை அவரைவிட வேறு யாரும் நன்றாக அறிய முடியாது என்பதே அந்த நூலின் மைய வாதம். அந்த வாதத்தைக் கோடிக்கணக்கான பேருக்கு மறுத்தால் மறுப்பதற்குத் தனிக் காரணம் வேண்டும். அவர் தந்தது தந்தையின் ஏணியை மட்டும்.

377: ஒரே மரபின் இரண்டு கைகள்

பெந்தம் 1785 வாக்கில் ஒரு கட்டுரை எழுதினார். இரு ஆண்கள் விருப்பத்தோடு கொள்ளும் உறவால் யாருக்கும் தீங்கில்லை, அதைத் தண்டிப்பதற்குக் காரணம் வெறுப்பு மட்டுமே, வெறுப்பு ஒரு காரணமாகாது என்பது அதன் சாரம். இங்கிலாந்தில் அந்த உறவுக்குத் தூக்கு இருந்த காலம். அவர் அதை வெளியிடவில்லை. அது அச்சேறியது 1978-இல்.

இதற்கிடையில் 1860-இன் தண்டனைச் சட்டம் 377-வது பிரிவில் அதே உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. தீங்கை வைத்தே குற்றத்தை வரையறுக்க வேண்டும் என்ற தத்துவத்தில் பிறந்த தொகுப்புக்குள், தீங்கே இல்லாத ஒரு குற்றம். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயதுவந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் உறவை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. அன்றைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா எழுதிய தீர்ப்பின் தொடக்கத்திலேயே மில்லின் வரிகள் மேற்கோளாக வருகின்றன. கம்பெனிக் குமாஸ்தாவாக இருந்தவர், இந்தியருக்கு இன்னும் பொருந்தாது என்று சொன்ன சுதந்திர வாதத்தை இந்திய நீதிமன்றம் எடுத்து இந்தியருக்கே பொருத்தியது.

தாது வருஷப் பஞ்சம்: கணக்கின் இருட்டுப் பக்கம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். 1877 ஜனவரியில் நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அனுப்பப்பட்டார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஒரு அணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். மண் வெட்டும் உடலுக்கு இந்த அளவு போதாது என்று வாதாடினார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியிருந்தது, அதற்குள் பல உயிர்கள் போயிருந்தன. இதே டெம்பிள் 1873-74-இல் பீகாரில் பர்மா அரிசியை வரவழைத்துத் தாராளமாகச் செலவிட்டு உயிர்ச்சேதத்தைத் தடுத்தவர். அதற்காக ஊதாரி என்று திட்டும் வாங்கியவர்.

இதை பெந்தம் தலையில் கட்டுவது நியாயமாகாது. சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்ற பொருளாதாரக் கொள்கையும் கஜானாச் சிக்கனமும் இதில் பெரிய பங்கு வகித்தன. பெந்தமின் அளவுகோலை நேர்மையாக வைத்திருந்தால் அத்தனை உயிர்களின் துன்பம் எந்தச் செலவையும் விழுங்கியிருக்கும். ஆனால் ஒரு பவுண்டு போதுமா என்பதைச் சாப்பிடுபவர் சொல்ல வழியில்லாத ஓர் ஆட்சியில், எந்தத் துன்பம் கணக்கில் ஏறும் என்பதைப் பேனா வைத்திருப்பவரே முடிவு செய்வார். ஜேம்ஸ் மில் விட்டுவிட்ட கேள்வியின் விலை அது.

தத்துவவாதிகள் கண்ட மூன்று குறைகள்

1. ஜான் ரால்ஸ் 1971-இல் வைத்த விமர்சனம்: ஒருவர் இன்று கஷ்டப்பட்டு நாளை சுகப்படுவது அவரவர் தேர்வு. ஒருவர் கஷ்டப்பட்டு வேறொருவர் சுகப்படுவது அப்படியில்லை. மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

2. அமர்த்தியா சென் சொன்னது நமக்கு இன்னும் நெருக்கமானது. நீண்ட காலம் ஒடுக்கப்பட்டவர்கள் சிறிதிலேயே திருப்தி அடையப் பழகிவிடுகிறார்கள். குறைவாகச் சாப்பிட்டே பழகிய பெண் தனக்குக் குறையில்லை என்பார். அந்தத் திருப்தியை அளந்தால் அநீதி கணக்கில் தெரியாது. வேண்டியதைச் செய்யவும் ஆகவும் ஒருவருக்கு இருக்கும் திறனைப் பார்க்க வேண்டும் என்பது அவர் மாற்று.

3. ஹென்றி சிட்ஜ்விக் 1874-இல் இந்தக் கோட்பாட்டை மிகத் துல்லியமாக எழுதியவர். ஒரு செயல் வெளியே தெரியாமல் செய்தால் சரியாகவும், தெரிந்து செய்தால் தவறாகவும் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டார். உண்மைக் கணக்கு விவரமறிந்த சிலருக்கு மட்டும், மற்றவர்களுக்கு எளிய விதிகள். பிற்காலத்தில் பெர்னார்ட் வில்லியம்ஸ் இதற்கு வைத்த பெயர் ‘கவர்னர் மாளிகைப் பயன்பாட்டுவாதம்’. காலனி ஆட்சியிலிருந்து எடுத்த பெயர் என்பது தற்செயல் இல்லை.

இன்றைய சட்டத்தில் அதே கேள்வி

தடுப்பூசியை முதலில் யாருக்குப் போடுவது, எந்த மருந்துக்கு அரசு பணம் கொடுப்பது, அணை கட்டலாமா என்று ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கணக்கு நடக்கிறது. அதைத் தவிர்க்கவும் முடியாது. பொது முடிவு எடுப்பவர் விளைவை எண்ணிப் பார்க்காமல் இருந்தால் அதுதான் கொடுமை. எண்ணப்படுபவர்கள் அந்த இடத்தில் இருக்கிறார்களா என்பதையே பார்க்க வேண்டும்.

2013-இன் மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டம் இரண்டையும் சேர்த்து வைத்தது. திட்டத்தின் பலன் சமூக இழப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று அரசு சரிபார்க்கச் சொல்லும் அதன் 8-வது பிரிவு அசல் பெந்தம். அதற்காகச் சமூகத் தாக்க மதிப்பீடு, பொது விசாரணை. அதோடு நிற்காமல், தனியார் நிறுவனத்துக்கான திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் முன் ஒப்புதல் வேண்டும், அரசு–தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவீதம். கணக்குப் போடும் கையைக் கணக்கில் உள்ளவர் பிடித்து நிறுத்த முடியும் என்று பெந்தமின் வாரிசுகள் இங்கே செய்யாததை இந்தச் சட்டம் செய்தது.

தமிழ்நாடு இதற்கு ஒரு விலக்கு ஏற்படுத்தியது. மாநில நெடுஞ்சாலை, தொழில் நோக்கம், ஆதிதிராவிடர் நலத் திட்டம் ஆகியவற்றுக்கான மூன்று மாநிலச் சட்டங்களின் கீழ் எடுக்கப்படும் நிலத்துக்கு மத்தியச் சட்டம் பொருந்தாது என்று 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. இழப்பீட்டு விதிகள் பொருந்தும், மதிப்பீடும் ஒப்புதலும் கட்டாயமில்லை. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லாது என்றது. அதே ஆண்டு மாநில அரசு அந்தச் சட்டங்களுக்குப் புத்துயிர் கொடுக்கும் சட்டத்தை இயற்றியது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எனவே ஒரே மாவட்டத்தில், எந்தச் சட்டத்தின் பெயரில் அறிவிப்பு வருகிறது என்பதைப் பொறுத்து, நிலம் இழக்கும் ஒரு குடும்பத்திடம் கேட்க வேண்டியிருக்கும், இன்னொரு குடும்பத்திடம் கேட்க வேண்டியிருக்காது. அந்த அறிவிப்பு கையில் கிடைத்ததும் முதலில் படிக்க வேண்டியது இழப்பீட்டுத் தொகையை இல்லை, மேலே அச்சிட்டிருக்கும் சட்டத்தின் பெயரை.